கரண்டிக் காம்பில் சிங்கம்

நுவரெலியாப் பக்கம் கைக்கு வரும் பழைய வெள்ளித் தேக்கரண்டியின் காம்பு நுனியில் சிங்கமோ பறவையோ இருந்தால், ஒல்லாந்தர் காலத்துச் சாமான் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் 1658 முதல் 1796 வரை ஒல்லாந்தர் ஆண்டது கரையோரத்தை. மலைநாடு அப்போது கண்டி மன்னர்களுடையது. அங்கே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதே 1867இல்தான். கரையோர ஒல்லாந்தர் தேநீர் குடிக்கவில்லையா என்று கேட்கலாம். குடித்தார்கள், சீனத்துத் தேயிலையை. அவர்களது கரண்டி ஒன்று பிற்காலத்தில் மலையேறியிருக்கவும் கூடும். அதற்குக் காம்பு மிருகம் சாட்சி சொல்லாது. அந்த அலங்காரத்தைப் பழைய பாணியில் பின்னாளிலும் எத்தனையோ பேர் வார்த்தார்கள். கரண்டியைத் திருப்பி முத்திரையைப் பாருங்கள். 1814க்குப் பிந்திய நெதர்லாந்துச் சிறு வெள்ளிச் சாமான்களில் பெரும்பாலும் ஒரு குட்டி வாள் இருக்கும்; அப்படியானால் அது ஒல்லாந்தர் ஆட்சிக்குப் பிந்தியது. எண் எதுவும் குறிக்கப்படாத, நடக்கும் சிங்கம் பதிந்திருந்தால், அநேகமாகத் தோட்டத் துரைமார் கொண்டுவந்த இங்கிலாந்து வெள்ளி.