ஆஸ்பத்திரியின் மருந்துப் பட்டியல்

பொம்மனஹள்ளியில் நம் பிள்ளைகள் சிலர் ஃபார்ம்.டி படிக்கிறார்கள். 2008-இல் நம் நாட்டில் வந்த ஆறாண்டுப் படிப்பு. கடைசி ஆண்டு ரெசிடென்சி, ஆஸ்பத்திரியிலேயே கழியும். "மருந்து எடுத்துக் கொடுக்கவா இத்தனை வருஷம்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

அங்கே அவர்கள் கற்பவற்றுள் முக்கியமானது ஃபார்முலரி, அதாவது அந்த ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியல். ஒரே பாரசிட்டமால் டோலோ, கால்பால், குரோசின் எனப் பல பெயரில் வருகிறது. அத்தனையும் அடுக்கினால் முதல் முடங்கும், சரக்கு காலாவதியாகும். இது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைவிட ஆபத்து, நோயாளி இரண்டு பெயரில் ஒரே மருந்தை விழுங்குவது. அளவு மீறினால் கல்லீரல் கெட்டுவிடும். ஆகையால் மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் சேர்ந்த குழு எதை வைப்பது, எதை விலக்குவது என்று தீர்மானிக்கிறது. கையில் வந்த அட்டை சீட்டிலிருந்து மாறியிருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். ஜெனரிக் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையா, விழுங்குமுன் கேளுங்கள்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது நம் தமிழ்நாடு. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பட்டியலிட்ட மருந்துகளை ஜெனரிக் பெயரில் மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதிலுள்ள தொகைக்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது சோதனை முறைதான்: தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீடு மட்டும் இட்டு, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.