மோட்டார் பொருத்திய மிதிவண்டி: 25 கி.மீ. என்ற எல்லை ஏன்?

நகர்ப்புறச் சாலைகளில் விடியற்காலையில் இப்போது அடிக்கடி ஒரு காட்சியைக் காண முடிகிறது. பார்ப்பதற்குப் பழைய மிதிவண்டிதான். ஆனால், கேரியரில் ஒரு பெட்டி கட்டப்பட்டிருக்கும். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப், சிறிய எவர்சில்வர் டப்பா அளவுக்குப் பருத்திருக்கும். ஓட்டுபவரின் கால்கள் அசையாமலேயே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். இரவுப் பணி முடித்துத் திரும்பும் காவலாளி, பூக்கூடையுடன் செல்லும் வியாபாரி, மூட்டுவலியால் மிதிக்க முடியாத முதியவர் எனப் பலரும் இத்தகைய வண்டிகளை நாடுகின்றனர். புதிய மொபெட் வாங்கும் விலையில் ஒரு சிறு பகுதியைச் செலவிட்டால், இருக்கிற மிதிவண்டியே மின்வண்டியாகிவிடுகிறது. ஒரு முறை மின்னேற்றம் செய்ய அரை யூனிட் மின்சாரம்கூட ஆவதில்லை.

இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால், மோட்டாரைப் பொருத்துவது எளிது. அந்த மோட்டாரைத் தாங்கும் தகுதி மிதிவண்டிக்கு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கடினம். பெரும்பாலான கடைகளில் முதலாவது மட்டுமே நடக்கிறது.

மிதிவண்டியில் எந்திரம் பொருத்தும் எண்ணம் புதியதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், ஜப்பானின் ஹமமட்சு நகரில் சொய்சிரோ ஹோண்டா, ராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் தர உருவாக்கப்பட்ட சிறு எந்திரங்களை வாங்கி மிதிவண்டிகளில் பொருத்தினார். தொடக்கத்தில், படுக்கையில் வெப்பத்துக்காக வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குப்பிதான் பெட்ரோல் டாங்காக இருந்தது. நம் நாட்டில் 1972-இல் புணேயிலிருந்து லூனா வந்தது. 1980-இல் ஒசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. 'மொபெட்' என்ற சொல்லே மோட்டார், பெடல் என்ற இரு சொற்களின் தொடக்கங்களை ஒட்டியதுதான்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எந்திரத்தின் ஆற்றல் கூடக்கூட, மிதிவண்டி மிதிவண்டியாக நீடிக்கவில்லை. சட்டகம் தடித்தது, சக்கரம் சிறுத்து, டயர் அகன்றது, பிரேக் மாறியது, இறுதியில் பெடலே மறைந்தது. பொறியாளர்கள் அழகுக்காக இவற்றை மாற்றவில்லை. வேகம் கூடியபோது பழைய உறுப்புகள் தாங்கவில்லை. இன்று நம் தெருக்களில், அந்த மாற்றங்கள் எதுவுமின்றி வேகத்தை மட்டும் கூட்டப் பார்க்கிறோம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். மிதித்துச் செல்லும்போது மணிக்கு 15 கி.மீ. வேகம். மோட்டாரின் உதவியால் அது 40 கி.மீ. ஆனால், வேகம் மூன்று மடங்குகூட ஆகவில்லை. ஆனால், இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் பெருகுவதால், அது 7 மடங்காகிவிடுகிறது. பிரேக் கட்டைகள் அந்த 7 மடங்கு ஆற்றலையும் உறிஞ்ச வேண்டும். நம் ஊர்ப் பழைய மிதிவண்டிகளில் இருப்பது கம்பி பிரேக். ரிம்மின் உட்புறத்தை ரப்பர் கட்டை மேல்நோக்கி அழுத்தும் அமைப்பு. மழையில் எஃகு ரிம் நனைந்தால் அந்தக் கட்டை வழுக்குவதை மிதித்து ஓட்டிய அனைவரும் அறிவர். 15 கி.மீ. வேகத்தில் அது சிறு தொல்லை. 40 கி.மீ. வேகத்தில், எதிரே ஒரு குழந்தை ஓடிவந்தால், தொல்லை என்ற சொல் போதாது.

உடல்நலமுள்ள ஒரு சாதாரண மனிதர் தொடர்ந்து மிதிக்கும்போது வெளிப்படுத்தும் ஆற்றல் 75 முதல் 100 வாட். மிதிவண்டியின் ஒவ்வோர் உறுப்பும் ஏறத்தாழ இந்த அளவை மனத்தில் கொண்டு உருவானது. 250 வாட் மோட்டார் என்பதே இரண்டு மூன்று பேர் சேர்ந்து மிதிப்பதற்குச் சமம். கடைகளில் 500, 1000 வாட் மோட்டார்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. இளைஞர்கள் கேட்பதும் அவற்றைத்தான்.

நான் என்னுடைய பழைய மிதிவண்டியின் பின்சக்கரத்தில் 250 வாட் மோட்டாரைப் பொருத்தியபோது, நட்டை நன்றாக இறுக்கினால் போதும் என்றார் கடைக்காரர். மூன்றாவது வாரம், மேம்பாலம் ஏறும்போது 'டக்' என்ற ஓசையுடன் வண்டி நின்றது. இறங்கிப் பார்த்தால், அச்சு தன் பள்ளத்துக்குள் சுழன்று, அதன் நடுவழியே வெளிவரும் மின்கம்பிகளை முறுக்கி அறுத்திருந்தது.

காரணம் எளியது. சாதாரண மிதிவண்டியின் அச்சுக்குச் சக்கரத்தைத் தாங்குவது ஒன்றே வேலை. மோட்டார் சக்கரத்தில் ஹப் முன்னோக்கிச் சுழல, அச்சு அதே விசையுடன் பின்னோக்கித் திரும்ப முயலும். முறுக்குவிசை 30 நியூட்டன் மீட்டர் என்று கொண்டால், 10 மி.மீ. அகலமே உள்ள அச்சின் தட்டையான முனையில் அது ஏறத்தாழ 300 கிலோ எடைக்கு நிகரான விசையாக விழும். நட்டை மட்டும் நம்பி இதை விட முடியாது. ஒரு முனை அச்சைக் கவ்வ, மறு முனை சட்டகக் குழாயோடு இறுக்கப்படும் எஃகுப் பட்டை ஒன்று வேண்டும். அதன் விலை சில நூறு ரூபாய்தான். அது என் வண்டியில் இல்லை; இருக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. முன்சக்கரத்தில் மோட்டார் பொருத்துவோருக்கு இந்தப் பட்டை இன்னும் இன்றியமையாதது. முன் ஃபோர்க்கின் பள்ளங்கள் கீழ்நோக்கித் திறந்தவை. அங்கே அச்சு சுழன்றால் சக்கரமே கழன்றுவிடக்கூடும். எஃகு ஃபோர்க் வளைந்து எச்சரிக்கை தரும்; அலுமினிய ஃபோர்க் சொல்லாமல் முறியும்.

பராமரிப்பிலும் பழைய பழக்கங்கள் போதா. மிதிவண்டிக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் மாதக்கணக்கில் ஓடும். மோட்டார் வண்டியில் போக்ஸ் கம்பிகள் விரைவில் தளரும். தளர்ந்த கம்பியின் பங்கை மற்றவை சுமந்து, ஒன்றன்பின் ஒன்றாக அறும். பொருத்திய முதல் மாதத்துக்குள் ஒரு முறை சக்கரத்தைப் பெண்டு எடுத்து, எல்லாக் கம்பிகளையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். அச்சு நட்டுகளை வாரம் ஒரு முறை ஸ்பானரால் சோதிக்க வேண்டும். பிரேக் கட்டைகள் முன்பைவிடப் பல மடங்கு வேகமாகத் தேயும். பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும்படி பிரேக் பிடியில் ஒரு சிறு ஸ்விட்ச் உண்டு. கம்பி பிரேக் வண்டிகளில் அதைப் பொருத்துவது சிரமம் என்பதால் பல கடைகளில் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாதவற்றில் அதுவும் ஒன்று.

ஓட்டும் முறையும் மாற வேண்டும். நின்ற நிலையிலிருந்து புறப்படும்போதுதான் மோட்டார் மிக அதிக மின்சாரத்தை இழுக்கிறது. முதல் நான்கைந்து மிதிகளை நாமே மிதித்து, வண்டி நகர்ந்த பின் மோட்டாரை இயக்கினால் மின்கலமும் நீடிக்கும், அச்சுக்கும் நல்லது. மேட்டில் ஏறும்போதும் மிதித்து உதவ வேண்டும். 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி மின்கலத்தில் இப்படி ஓட்டினால் 30 கி.மீ. செல்லலாம்; கால்களைத் தொங்கவிட்டு ஓட்டுபவருக்கு அந்தத் தொலைவு கிடைக்காது.

மின்கலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஈயமின்கலம் கனமானது, ஆயுள் குறைந்தது; ஆனால், முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். லித்தியம் மின்கலம் எடையில் அதன் கால் பங்குகூட இராது. ஆனால், தவறாகக் கையாண்டால் தீப்பற்றும். பற்றினால் எளிதில் அணையாது. 36 வோல்ட் தொகுப்பு என்பது, பொதுவாகத் தொடராக இணைந்த 10 சிறு கலங்களின் வரிசை. ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இதைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை ஒன்று உள்ளே இருக்க வேண்டும். அது இல்லாத, அல்லது பழைய மடிக்கணினிகளிலிருந்து எடுத்த கலங்களை ஒட்டவைத்துச் செய்த தொகுப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. 36 வோல்ட் தொகுப்புக்கு 42 வோல்ட் சார்ஜர்தான் பொருந்தும். 48 வோல்ட் சார்ஜரின் முனையும் பெரும்பாலும் பார்ப்பதற்கு அதேபோல் இருக்கும் என்பது, தயாரிப்பாளர்கள் என்றோ சரிசெய்திருக்க வேண்டிய குறை.

நியூயார்க் நகரம் இதன் விலையை அறிந்தது. அங்கே உணவு கொண்டுசெல்லும் தொழிலாளர்கள் மின்மிதிவண்டிகளை அடுக்குமாடி வீடுகளுக்குள் வைத்து மின்னேற்றம் செய்தனர். 2023-இல் மட்டும் லித்தியம் மின்கலத் தீவிபத்துகளில் 18 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு, பாதுகாப்புச் சான்று பெறாத மின்மிதிவண்டிகளையும் மின்கலங்களையும் விற்கத் தடை வந்தது. பயன்படுத்திய கலங்களை மீண்டும் கோத்துத் தொகுப்பு செய்து விற்பதும் தடைசெய்யப்பட்டது. நம் வீடுகளில் மிதிவண்டி நிற்கும் இடம் பெரும்பாலும் வாசற்படியை ஒட்டிய நடை. இரவில் அங்கே மின்னேற்றம் செய்தால், தீப்பிடிக்கும்போது வெளியேற இருக்கும் ஒரே வழியும் அடைபடும். வெயிலில் ஓடிவந்த மின்கலம் குளிர்ந்த பிறகு, விழித்திருக்கும் நேரத்தில், சிமெண்ட் தரையில் வைத்து மின்னேற்றுவதே முறை.

இனி சட்டத்துக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை அமைப்பு அதைச் சரிபார்த்திருந்தால், அந்த மின்வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. மிதிக்கும்போது மட்டும் துணைபுரியும் மோட்டார் என்றால், 25 கி.மீ. வேகத்தை எட்டும்போதோ மிதிப்பதை நிறுத்தும்போதோ அது நின்றுவிட வேண்டும். தகுந்த பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு எதிரொளிப்பான்களும் வேண்டும். '30 நிமிடத் திறன்' என்பது அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன். மேட்டில் சில நொடிகள் மோட்டார் கூடுதலாக உழைப்பதை விதி குற்றமாக்கவில்லை. பெட்ரோல் எந்திரத்துக்கும் இதுபோல் எல்லை உண்டு. 1988-ஆம் ஆண்டுச் சட்டம், நான்கு சக்கரங்களுக்குக் குறைந்த, 25 சி.சி.க்கு மேற்படாத எந்திரம் கொண்ட வண்டியை மோட்டார் வாகன வரையறைக்கு வெளியே வைக்கிறது. புல்வெட்டும் எந்திரத்தைக் கழற்றி மிதிவண்டியில் பொருத்தும் இளைஞர்கள் இதைக் கவனிப்பதில்லை. சந்தையில் பரவலாக உள்ள அவ்வகை எந்திரங்கள் 43, 52 சி.சி. கொண்டவை.

எல்லையைத் தாண்டினால் என்ன? வண்டி அந்தக் கணமே மோட்டார் வாகனமாகிவிடுகிறது. பதிவு, ஓட்டுநர் உரிமம், தலைக்கவசம், மூன்றாம் நபர் காப்பீடு அனைத்தும் தேவை. வீட்டில் செய்த வண்டிக்குப் பதிவு கிடைக்காது. பதிவில்லாமல் காப்பீடும் கிடைக்காது. அத்தகைய வண்டி ஒரு பாதசாரியை மோதி அவர் கால் முறிந்தால், இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் தொகையை ஓட்டியவரே தர வேண்டியிருக்கும். தினக்கூலி பெறுபவரிடம் அந்தத் தொகை இருக்காது. அடிபட்டவருக்கும் எதுவும் கிடைக்காது. பள்ளி செல்லும் மகனின் மிதிவண்டியில் 'சற்று வேகமான' மோட்டாரைப் பொருத்தித் தரும் பெற்றோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். சிறார் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க, 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது.

ஆனால், விதியிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. பரிசோதனை அமைப்பின் சரிபார்ப்பு, முழு வண்டியைத் தயாரித்து விற்கும் நிறுவனத்துக்குப் பொருந்தும் ஏற்பாடு. தன் பழைய மிதிவண்டியில் 250 வாட்டுக்குட்பட்ட மோட்டாரை ஒழுங்காகப் பொருத்திக்கொண்ட பூ வியாபாரி, அந்த அமைப்பின் வாசலுக்கு எப்படிச் செல்வார்? விதியின் உணர்வை மதிக்கும் அவரும், 1000 வாட் மோட்டாரில் பறக்கும் இளைஞரும் இன்று ஒரே இருட்டில்தான் நிற்கின்றனர். எல்லைக்குள் இருப்பதால் அவருக்கு எந்தச் சான்றும் கிடைக்காது என்றால், எல்லைக்குள் இருக்க யாருக்கும் ஊக்கம் இருக்காது.

கார்களில் இயற்கை எரிவாயுக் கருவிகளைப் பொருத்துவதில் இதற்கு முன்மாதிரி உள்ளது. அங்கே கருவித் தொகுப்புக்கு ஒப்புதல் தரப்படுகிறது. அனுமதி பெற்ற பணிமனை அதைப் பொருத்துகிறது. அதே முறையில், மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவி, மின்கலம், சார்ஜர், அச்சுப் பட்டை, பிரேக் ஸ்விட்ச் அனைத்தும் அடங்கிய தொகுப்புக்கு ஒரு முறை ஒப்புதல் அளித்து, அதன் எண்ணை வண்டியில் பதிக்கலாம். பொருத்தும் பணியைத் தெருமுனைச் சைக்கிள் கடைகளிடமே விடலாம். பஞ்சர் ஒட்டியும் பெண்டு எடுத்தும் தேர்ந்த கைகள் அங்கே இருக்கின்றன. வோல்ட்மீட்டரைப் பிடிக்கவும் மின்கலத்தைச் சோதிக்கவும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் சில வார மாலைநேர வகுப்பு நடத்தினால் போதும். என் வண்டியில் மோட்டாரைப் பொருத்திய கடைக்காரர், அறுந்த கம்பிகளைப் பற்றவைத்துத் தந்தபோது அந்த எஃகுப் பட்டையைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பத்துப் பட்டைகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.