கல்லைக் காக்கும் சட்டம் எங்கே தொடங்குகிறது?

பிரேசிலின் வடகிழக்கில், சியரா மாநிலத்தின் தென்கோடியில் அராரிபே என்றொரு பீடபூமி. நோவா ஒலிந்தா, சாந்தனா டோ கரிரி ஆகிய ஊர்களைச் சுற்றி அங்கே சுண்ணாம்புக்கல் குவாரிகள் நிறைய. தரையில் பதிப்பதற்காகக் கல்லைப் பலகை பலகையாகப் பிளக்கும்போது மீன், தும்பி, செடி என்று ஏதாவது ஒன்று முழு உருவத்தோடு வெளிப்படும். எல்லாம் சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவை. குவாரித் தொழிலாளி அதைச் சொற்பக் காசுக்கு இடைத்தரகரிடம் கொடுத்துவிடுவார். அது பல கை மாறிக் கடல் கடந்து போய்விடும். தன் மண்ணில் கிடைக்கும் புதைபடிவங்கள் அரசுக்கே சொந்தம் என்று பிரேசில் 1942ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டிருந்தும் இந்தக் கடத்தல் நிற்கவில்லை.

அப்படிப் போனவற்றில் ஒன்று, கோழி அளவே இருந்த ஒரு டைனோசர். முதுகில் பிடரிமயிர் போன்ற இழைகள். தோளிலிருந்து விறைத்து நீண்ட நாடாக்கள். 'உபிராஜாரா' என்று அதற்குப் பெயரிட்டு 2020 டிசம்பரில் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியானபோது, அந்தக் கல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்து அருங்காட்சியகத்தில் இருந்தது. கட்டுரையை எழுதியவர்களில் ஒரு பிரேசில்காரர்கூட இல்லை. பிரேசில் ஆய்வாளர்கள் கொதித்தெழுந்தார்கள். சமூக ஊடகங்களில் எதிர்ப்பு பெருகியது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கல் மட்டும் திரும்பவில்லை.

இந்த விவகாரத்தில் அடிபட்ட பெயர், பண்பாட்டுச் சொத்துகளின் கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை. சிலைத் திருட்டுச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழக்கமான பெயர்தான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதற்குப் பின்னணியில் இருந்ததும் இதே உடன்படிக்கைதான். சிலைகளையும் ஓவியங்களையும் பற்றிப் பேசுவதற்கு முன்பாகவே, அதன் முதல் பிரிவு அரிய கனிமங்களையும் தொல்லுயிர் ஆய்வுக்குரிய பொருள்களையும் சொல்லிவிடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இது எனக்கு முக்கியமானது என்று அந்தந்த நாடு தானே குறித்து வைத்திருக்க வேண்டும். அப்படிக் குறிக்காத பொருளுக்காக இன்னொரு நாட்டிடம் போய் நிற்க முடியாது.

பிரேசில் குறித்து வைத்திருந்தது. அப்படியும் இழுபறிதான். ஜெர்மனி இந்த உடன்படிக்கையை ஏற்றதே 2007இல். அந்த ஆண்டு ஏப்ரலுக்கு முன் வந்து சேர்ந்த பொருளைத் திருப்பிக் கேட்க ஜெர்மன் சட்டத்தில் வழியில்லை. அதைக் காட்டித்தான் அருங்காட்சியகம் மறுத்தது. கல் எப்போது, எப்படி வந்தது என்று அது முதலில் சொன்ன விவரங்கள் சரியல்ல என்பது பிறகு வெளிவந்தது. 2022 ஜூலையில், அருங்காட்சியகம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் அமைச்சரவை கல்லைத் திருப்பித் தர முடிவெடுத்தது. 2023 ஜூனில் உபிராஜாரா பிரேசில் வந்து சேர்ந்தது. எந்த நீதிமன்றமும் உத்தரவிட்டு இது நடக்கவில்லை. பிரேசிலின் கையில் ஒரு பழைய சட்டம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மக்கள் விடாமல் கேட்டார்கள்.

கடத்த முடியாத பாறைகளுக்கு வேறொரு உடன்படிக்கை இருக்கிறது: 1972ஆம் ஆண்டின் உலகப் பாரம்பரிய உடன்படிக்கை. பூமியின் வரலாற்றைச் சொல்லும் நிலவடிவங்களும் அதன் பட்டியலில் இடம்பெறலாம். ஜெர்மனியின் மெசல் குழி எண்ணெய்ப் பாறை வெட்டியெடுத்த சுரங்கம். அதைக் குப்பைக் கிடங்காக்கத் திட்டமிட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. திட்டம் கைவிடப்பட்டு, 1995இல் குழி உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஆனால் உலகம் முழுமைக்கும் ஈடிணையற்றது என்று நிரூபித்தால்தான் அந்தப் பட்டியலில் இடம். ஒரு வட்டாரத்தின் பாறைக்கு அது எட்டாத உயரம்.

அந்த இடைவெளியை நிரப்பப் பிறந்ததுதான் புவிப்பூங்கா என்ற ஜியோபார்க். பூமியின் நினைவுக்கும் உரிமை உண்டு என்று 1991இல் பிரான்ஸின் தீன் நகரில் கூடிய அறிவியலாளர்கள் பிரகடனம் செய்தார்கள். 2000இல் பிரான்ஸ், கிரீஸ், ஜெர்மனி, ஸ்பெயின் நாடுகளின் நான்கு வட்டாரங்கள் சேர்ந்து ஐரோப்பியக் கூட்டமைப்பைத் தொடங்கின. அவற்றில் ஒன்று கிரீஸின் லெஸ்போஸ் தீவு. அங்குள்ள கல்மரக் காட்டுக்கு 1985இலேயே அரசாணைப் பாதுகாப்பு இருந்தது. 2015 நவம்பரில் யுனெஸ்கோ புவிப்பூங்காக்களைத் தன் அதிகாரபூர்வத் திட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது.

புவிப்பூங்கா என்பது உடன்படிக்கை அல்ல. அதை மீறினால் யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் அதன் விதிகள் கறாரானவை. விண்ணப்பிக்கும் முன்பே உள்ளூர்ச் சட்டப்படி அந்த இடங்களுக்குப் பாதுகாப்பு இருந்தாக வேண்டும். பூங்காவை நடத்தும் அமைப்பு புதைபடிவம், கனிமம் எதையும் விற்கும் வேலையில் இறங்கக்கூடாது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு. குறை தென்பட்டால் மஞ்சள் அட்டை, திருத்திக்கொள்ள இரண்டாண்டு அவகாசம். திருந்தாவிட்டால் சிவப்பு அட்டை, பட்டம் பறிபோகும்.

அராரிபே 2006இல் அமெரிக்கக் கண்டங்களின் முதல் புவிப்பூங்காவானது. கரிரி வட்டாரப் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. ஆறு நகராட்சிகள் அதில் அடக்கம். திரும்பி வந்த உபிராஜாரா இன்று இருப்பது சாந்தனா டோ கரிரியின் தொல்லுயிர் அருங்காட்சியகத்தில், குவாரிகளுக்குப் பக்கத்திலேயே. கொடுத்தால் அங்கே பாதுகாக்க முடியுமா என்று பணக்கார நாடுகள் வழக்கமாகக் கேட்கும். அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

2025 ஏப்ரல் நிலவரப்படி 50 நாடுகளில் 229 யுனெஸ்கோ புவிப்பூங்காக்கள். இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. பாறைக்கா நமக்குப் பஞ்சம்? பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் படுத்துக் கிடக்கிறது. காரையில் ஓடைகள் அரித்த செம்மண் பூமி, திருவக்கரையின் கல்மரங்கள், பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறை என எல்லாவற்றையும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னங்கள் என்று அறிவித்திருக்கிறது. அறிவிப்புக்குப் பின்னால் நிற்க ஒரு தனிச் சட்டம்தான் இல்லை. ஸ்ரீபுரந்தான் நடராசருக்காக வாதாட நம்மிடம் தொல்பொருள் சட்டம் இருந்தது. அதே அரியலூர் மண்ணில் சிமென்ட் ஆலைகளுக்காகத் தோண்டும் சுண்ணாம்புக்கல்லில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவம் ஒன்று நாளை வெளிநாட்டு ஏலத்தில் தலைகாட்டினால், என்னுடையது என்று எடுத்துக்காட்டத் தனிச் சட்டம் கிடையாது.

2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் புவிப் பாரம்பரிய இடங்களுக்கான வரைவு மசோதா ஒன்றை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. சேதப்படுத்துவோருக்குச் சிறையும் அபராதமும் அதில் உண்டு. எல்லா அதிகாரமும் ஒரே துறையிடம் குவிகிறது, பல்கலைக்கழகங்களின் சேகரிப்புகளுக்கு ஆபத்து என்று தொல்லுயிர் ஆய்வாளர்கள் ஆட்சேபித்தார்கள். அது நியாயமான ஆட்சேபம். மசோதா கிடப்பில் போனதுதான் அநியாயம். ஆய்வாளர்களையும் மாநிலங்களையும் ஊராட்சிகளையும் உட்காரவைத்துப் பேசி, வரைவைத் திருத்தி, நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெரம்பலூரும் அரியலூரும் யுனெஸ்கோவிடம் விண்ணப்பிப்பது அதற்கு அடுத்த வேலை.