கதவு சாத்தாத கலாசாலை

1935-ஆம் வருஷம் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தார் தங்கள் பிள்ளைகளுக்கென ஒரு ஜூனியர் காலேஜை ஆரம்பித்தபோது, அதற்கென்று சொந்தமாக ஒரு கூரைகூட இல்லாமையால், மாணவர்கள் புத்தகக் கட்டும் கையுமாக டிராம் வண்டியேறி ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஜனங்களும் அதை 'டிராம் வண்டிக் காலேஜ்' என்றே அழைத்தார்கள். விஞ்ஞான மண்டபம் ஓஷன் அவென்யூவில் எழும்பியது 1940-இல்தான். அதே வருஷம் மெக்ஸிகோ நாட்டுச் சித்திரக்காரர் டியேகோ ரிவேரா, நகரில் நடந்த ஒரு கண்காட்சிக்கு வந்த ஜனங்களின் கண் முன்பாகவே சாரத்தின்மீது ஏறி நின்று, 22 அடி உயரமும் 74 அடி நீளமுமாக, இக்கலாசாலையின் நூல்நிலையத்துக்கென்று ஒரு சுவர்ச்சித்திரம் தீட்டினார். பாதி உடல் ஆஸ்டெக் தேவதையின் கல் விக்கிரகமாகவும், மறுபாதி தகடு அடிக்கும் ராட்சச யந்திரமாகவும் அதன் நடுவில் ஓர் உருவம் நிற்கிறது. நூல்நிலையம் கட்டும் வேலையோ யுத்தத்தால் நின்றுபோயிற்று. சித்திரம் இருபது வருஷம் பெட்டிகளில் கிடந்து, 1961-இல்தான் நாடகசாலையில் சுவர் கண்டது. கட்டடம் பின்தங்குவது இக்கலாசாலையின் ஜாதகம் போலும்!

இதுவே இன்றைய ஸிட்டி காலேஜ். அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்பதன் லட்சணம், பதினெட்டு வயது நிரம்பிய எவரும் நுழைவுப் பரீட்சையின்றிச் சேரலாம் என்பது. இரண்டு வருஷம் இங்கே படித்துவிட்டு மூன்றாம் வருஷத்துக்குப் பெர்க்லி சர்வகலாசாலைக்கு மாறுகிறவனும், தாதித் தொழிலோ சமையற்கலையோ பயில வருகிறவளும், பகலெல்லாம் ஹோட்டலில் பாத்திரம் துலக்கிவிட்டு மாலையில் 'நான் வாடகை கொடுத்துவிட்டேன்' என்பதை இங்கிலீஷில் பிழையின்றிச் சொல்லப் பழகும் சீனத்துக் கிழவரும் ஒரே ஸ்தாபனத்தின் மாணாக்கர்கள். கிழவரின் வகுப்புக்குச் சம்பளமே கிடையாது.

எல்லோரையும் ஏற்பது அழகுதான். ஆனால் கணக்கு கேட்பவர்களும் உண்டல்லவா? 2012-இல், கலாசாலைகளுக்கு அங்கீகாரம் தரும் குழு, நிர்வாகத்திலும் நிதியிலும் குறை கண்டு எச்சரித்து, மறு வருஷமே அங்கீகாரத்தை ரத்துச் செய்வதாக அறிவித்தது. அங்கீகாரம் போனால் மாணவருக்கு மத்திய சர்க்காரின் உதவிப்பணம் நின்றுவிடும். நகர வழக்கறிஞரோ அந்தக் குழுவின் மீதே வழக்குத் தொடுத்தார். 2017 ஜனவரியில் அங்கீகாரம் ஏழு வருஷத்துக்கு உறுதியாயிற்று. ஆயினும், மூடப்போகிறார்கள் என்ற வதந்தியே போதும், மாணவர் கலைவதற்கு. தலைக்கணக்குப் பார்த்துப் பணம் தரும் ராஜ்யத்தில் மாணவர் குறைந்தால் மானியமும் குறையும், மானியம் குறைந்தால் வகுப்புகள் குறையும், வகுப்புகள் குறைந்தால் மீண்டும் மாணவர் குறைவர்.

இந்தச் சுழலின் நடுவேதான், அதே 2017-இல், நகரவாசிகளுக்குப் படிப்புச் சம்பளம் இல்லையென்று ஆக்கினார்கள். இதற்குப் பணம் தேட முந்தின வருஷம் வாக்காளர்கள், ஐம்பது லட்சம் டாலருக்கு மேற்பட்ட சொத்து கைமாறும்போது விதிக்கும் வரியை உயர்த்தச் சம்மதித்திருந்தார்கள். வரிப்பணம் காலேஜின் உண்டியலுக்கு நேராகப் போகும் என்று சட்டத்தில் எழுதாமல் விட்டதைப் பெரும் பிசகென்றே நான் கருதுகிறேன். அது பொதுக் கஜானாவுக்குப் போகிறது, அங்கிருந்து எவ்வளவு வரும் என்பதை நகரசபையுடன் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.