பேரியர் போட்டாச்சு, ஆனா யாருக்கு?

இன்னைக்கு லினக்ஸ் கெர்னல் கோட் படிக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது முட்டிக்கிற விஷயம்: மெமரி பேரியர்.

ரெண்டு கோர் ஓடுதுன்னு வைங்க. முதல் கோர் 'டேட்டா'வுல 42ஐ எழுதுது, அப்புறம் 'ரெடி'யை 1 ஆக்குது. ரெண்டாவது கோர், 'ரெடி' 1 ஆகுற வரைக்கும் லூப்ல காத்திருந்து டேட்டாவைப் படிக்குது. 42தானே வரணும்? பழைய மதிப்பும் வரலாம்.

ஏன்னா நாம எழுதின வரிசையை ரெண்டு பேர் மாத்தலாம். முதல் ஆள் கம்பைலர். இந்த ஒரு த்ரெட்டோட விடை மாறாதவரைக்கும் அது வரிகளை இடம் மாத்தும். 'ரெடி'யை ஒரே தடவை படிச்சு ரிஜிஸ்டர்ல வச்சுக்கிட்டா, அந்த லூப் முடியவே முடியாது. ரெண்டாவது ஆள் ப்ராசஸர். கம்பைலர் ஒழுங்கா கொடுத்தாலும், ஆர்ம் சிப்ல அந்த ரெண்டு எழுத்தும் அடுத்த கோருக்கு வரிசை மாறித் தெரியலாம்.

லினக்ஸ்ல 'பேரியர்'னு ஒரு மேக்ரோ இருக்கு. உள்ளே பாத்தா காலியான அசெம்பிளி வரி. "மெமரி மாறியிருக்கலாம், இதைத் தாண்டி எதையும் நகர்த்தாதே"ன்னு கம்பைலருக்கு மட்டும் சொல்லும். ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன்கூட உருவாகாது. அதனால ப்ராசஸருக்கு அது இருக்குறதே தெரியாது.

'எஸ்எம்பி டபிள்யூஎம்பி' ரெண்டு பேரையும் தடுக்கும். 64-பிட் ஆர்ம்ல அது 'டிஎம்பி'ங்கிற நிஜமான இன்ஸ்ட்ரக்‌ஷன் ஆகும். எக்ஸ்86ல வெறும் கம்பைலர் பேரியர்தான். சாதாரண மெமரியில ரெண்டு எழுத்தை அந்த சிப் வரிசை மாத்திக் காட்டாது.

ஆபத்தே இங்கதான். எக்ஸ்86 லேப்டாப்ல வெறும் 'பேரியர்' போட்டு டெஸ்ட் பண்ணா எல்லாம் பாஸ். அதே கோட் ஆர்ம் போன்ல எப்பவாவது ஒரு தடவை சொதப்பும். ப்ரிண்ட் போட்டுத் தேடினா, டைமிங் மாறி பக் ஒளிஞ்சுக்கும். அதுக்காக எக்ஸ்86ஐ முழுசா நம்பிடவும் கூடாது: ஒரு இடத்துல எழுதிட்டு வேற இடத்தைப் படிச்சா, அந்தப் படிப்பு முந்திக்கலாம். அங்க 'எஸ்எம்பி எம்பி' வேணும்.

இன்னொண்ணு, எழுதுற பக்கம் மட்டும் போட்டா போதாது. எழுதுற கோர் 'ஸ்டோர் ரிலீஸ்', படிக்கிற கோர் 'லோட் அக்வயர்'னு ஜோடியா வரணும். லூப்ல ஒவ்வொரு தடவையும் 'லோட் அக்வயர்' போட்டே படிச்சா, அந்த முடியாத லூப் பிரச்சனையும் தீரும்.

கெர்னலோட 'செக்பேட்ச்' ஸ்க்ரிப்ட், கமென்ட் இல்லாத மெமரி பேரியரைப் பாத்தா எச்சரிக்கும். அந்த கமென்ட்ல ரெண்டு விஷயம் எழுதுங்க: எந்த வரிசையைக் காப்பாத்துறோம், இதோட ஜோடி எந்த ஃபங்ஷன்ல இருக்கு. ஜோடியைச் சொல்ல முடியலன்னா, பக் அங்கயே இருக்கலாம்.