தூங்குறாரேன்னு விட்டுடாதீங்க!

சூளகிரி பக்கத்துல சாமனப்பள்ளி தெரியுமா? 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கினது அந்த கிராமத்துலதான். சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும்னு எல்லோருக்கும் தெரியும். படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு நோய் ஆதரவுச் சிகிச்சையும் அதுல உண்டு. நர்சிங் படிக்கிறீங்களா? நாளைக்கு அப்படியொரு வீட்டு வாசல்ல நிற்கப் போறது நீங்கதான்.

அங்கே கேன்சர் வலிக்கு மார்ஃபின்னு சொன்னதும், ‘ஐயோ, போதை மருந்தாச்சே!’ன்னு பதறுவாங்க. பொறுமையா விளக்குங்க. மூளையிலும் தண்டுவடத்திலும் ஓபியாய்டு ரிசப்டர்கள் இருக்கு. நம்ம உடம்பே சுரக்கிற எண்டார்ஃபினுக்கான பூட்டு அது. மார்ஃபின் கள்ளச்சாவி மாதிரி அதுல பொருந்தி, வலிச் செய்தியை அடக்கிடும். சிக்கல் என்னன்னா, அதே பூட்டு மூச்சை நடத்துற இடத்திலும் இருக்கு, குடலிலும் இருக்கு. டோஸ் எகிறினா மூச்சு மந்தமாகும். சரியான டோஸிலேயே மலச்சிக்கல் வரும். (மலமிளக்கி இல்லாம மார்ஃபின் மட்டும் எழுதியிருந்தா, டாக்டர்கிட்ட தயங்காம கேளுங்க!)

மூச்சு குறையறதுக்கு முன்னாடி பெரும்பாலும் மயக்கம் கூடும். அதனால ‘நல்லா தூங்குறார்’னு சார்ட்டில் எழுதிட்டு நகர்ந்துடாதீங்க. கூப்பிட்டா கண் திறக்கிறாரா? ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்க. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குற வேலையெல்லாம் இங்கே வேணாம். 10-க்குக் கீழே சரிஞ்சா அடுத்த டோஸை நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடுங்க. மாற்று மருந்தான நலோக்சோன், மார்ஃபினைப் பூட்டிலிருந்து தள்ளிவிடும். ஆனா அதோட வேகம் சீக்கிரமே தீர்ந்துடும், மூச்சு மறுபடி குறையலாம். பக்கத்திலேயே இருங்க.

சாதாரண மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை. வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. 12 மணி நேர மாத்திரையை விழுங்க முடியலைன்னு நுணுக்கிக் கொடுத்தா, மொத்த டோஸும் ஒரே நேரத்துல இறங்கிடும். சிறுநீரகம் பழுதானவங்க உடம்புல மார்ஃபினோட மிச்சம் தேங்கும், அங்கே கூடுதல் உஷார் வேணும்.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உ.பி.யில அரசு லைசென்ஸோட அபினிச் செடி பயிராகிற நாடு நம்மது. ஆனாலும் 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்தே பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கலை. மாநிலத்துக்கு ஒரு விதி வேற. பெங்களூருக்கு வைத்தியத்துக்குப் போய் வர்ற ஓசூர்க்காரங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 2014 திருத்தம்தான் நாடு முழுக்க ஒரே விதின்னு ஆக்கிச்சு.

நோயாளி இறந்துட்டா, வீட்டுல மிச்சமிருக்கிற மாத்திரைகளைக் கேட்டு வாங்கி, எண்ணி, ரிஜிஸ்டர்ல எழுதிடுங்க. துக்க வீட்டுல எப்படிக் கேட்கிறதுன்னு கூச்சமாத்தான் இருக்கும். பதினாறாம் நாள் கழிச்சாவது போய்க் கேளுங்க.