கட்டத்துக்குள் கணக்கு – 6: காலிக் கட்டமும் பூஜ்ஜியமும்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் அய்யலூரைக் கடந்தவர்களுக்கு அந்த ஊரின் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை தெரிந்திருக்கும். தக்காளிப் பெட்டிகள் அடுக்கிய கமிஷன் கடைகளும் கண்ணில் பட்டிருக்கும். இந்த வாரப் பாடத்துக்குத் தக்காளியையே எடுத்துக்கொள்கிறேன். தக்காளி போட்ட வீட்டில் சீசன் முழுக்க ஓடுகிற கேள்வி ஒன்றுதான்: கட்டுப்படியாச்சா?

அதே கேள்வியைக் கணினியிடம் கேட்பதற்குத்தான் இஃப். ஒரு வீட்டின் ஒரு மாத விற்பனையை எக்செல்லில் ஏற்றியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏ நெடுவரிசையில் தேதி, பியில் ஊர், சியில் பெட்டி, டியில் பெட்டி விலை. பெட்டி என்றால் 14 கிலோ. பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போகப் பெட்டிக்கு 150 ரூபாயாவது வேண்டும் என்பது அந்த வீட்டுக் கணக்கு. ஈ நெடுவரிசையில் இப்படி எழுதுவோம்:

=இஃப்(டி2<150, "நட்டம்", "பரவாயில்லை")

இங்கே தமிழில் காட்டியிருக்கும் சூத்திரப் பெயரையும் நெடுவரிசை எழுத்தையும் கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். மேற்கோளுக்குள் இருப்பது தமிழிலேயே இருக்கலாம். முதலில் கேள்வி, அடுத்து ஆம் என்றால் என்ன, கடைசியில் இல்லை என்றால் என்ன. இஃப் அவ்வளவுதான்.

சரியாக 150 ரூபாய்க்கு விற்ற நாளை இந்தச் சூத்திரம் எதில் சேர்க்கும்? பரவாயில்லையில். நீங்கள் நினைத்ததும் அதுதானா? 150க்குச் சரியாக விற்றால் செலவு கைக்கு வந்துவிடும், உழைப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. அதுவும் நட்டம்தான் என்று அந்த வீட்டுப் பெண்கள் சொன்னால், < என்பதோடு ஒரு சமக்குறியையும் சேர்த்து <= என்று போட வேண்டும். இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் வீட்டுக்காரர்கள், கணினி அல்ல. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ‘கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்’ தேர்வுக்காகச் சிற்றூர்த் தட்டச்சு நிலையங்களில் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: சூத்திரத்தை அடிப்பதற்கு முன்னால் நிபந்தனையைத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். எல்லைக் கோட்டில் நிற்கிற எண் எந்தப் பக்கம் என்று அந்த வரியிலேயே சொல்லுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. நட்டப்பட்ட நாள் எத்தனை என்பதற்கு கவுண்ட்இஃப் போதும். எந்தக் கட்டங்களில் தேட வேண்டும், என்ன நிபந்தனை என்று இரண்டே தகவல் கேட்கும். =கவுண்ட்இஃப்(டி2:டி31, "<150") என்றால் முடிந்தது. கூலி ஏறினால் 150 மாறுமே, அதை ஜி1 கட்டத்தில் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். நல்ல யோசனை. அப்போது பலர் "<ஜி1" என்று மேற்கோளுக்குள்ளேயே எழுதிவிடுவார்கள், விடை பூஜ்ஜியம் என்று வரும். மேற்கோளுக்குள் போனது வெறும் எழுத்தாகிவிடுவதால் அந்தக் கட்டத்தைக் கணினி போய்ப் பார்ப்பதே இல்லை. குறியை மட்டும் மேற்கோளில் வைத்து, "<"&ஜி1 என்று & போட்டு இணைக்க வேண்டும்.

இனி முக்கியமான இடம். சில நாள் தக்காளி பறிக்கவே இல்லை, டி கட்டம் காலியாக இருக்கிறது. இஃப் அந்த நாளுக்கு ‘நட்டம்’ என்று எழுதிவிடும். கவுண்ட்இஃப் அந்த நாளை எண்ணாது. ஒரே நெடுவரிசை, ஒரே நிபந்தனை, ஆனால் ஈ நெடுவரிசையில் கையால் எண்ணினால் ஒரு விடை, கவுண்ட்இஃப்பில் வேறு விடை. காரணம் இதுதான்: ஒப்பிடும்போது இஃப் காலிக் கட்டத்தைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்கிறது, பூஜ்ஜியம் 150க்குக் கீழேதானே. கவுண்ட்இஃப் "<150" என்று தேடும்போது எண் இருக்கிற கட்டத்தை மட்டுமே பார்க்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை அய்யலூர்க் காட்டை வைத்தே பார்க்கலாம். ஊரைச் சுற்றியுள்ள கரடுகளிலும் முள்காடுகளிலும் தேவாங்குகள் வாழ்கின்றன. 1997-98இல் ஆன்னா நெகாரிஸ் என்ற ஆய்வாளர் இந்தக் காட்டில் இரவுகளில் தேவாங்குகளைப் பின்தொடர்ந்து, அவை பெரும்பாலும் எறும்பு, கறையான் போன்ற பூச்சிகளைத் தின்றே வாழ்கின்றன என்று பதிவு செய்தார். 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுதான்.

தேவாங்கை இரவில்தான் எண்ண முடியும். விளக்கொளி பட்டு மின்னும் கண்களைத் தேடிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு பாதையில் 5 இரவுக்கான அட்டவணை இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: 3, 0, காலி, 4, காலி. பூஜ்ஜியம் என்றால் போனோம், தேடினோம், ஒன்றும் தென்படவில்லை. காலி என்றால் மழை பெய்தது, போகவே இல்லை. எக்செல்லின் சராசரிச் சூத்திரம் காலிகளை விட்டுவிட்டு 7ஐ 3ஆல் வகுத்து 2.33 என்று சொல்லும். யாராவது அட்டவணை அழகாக இருக்கட்டும் என்று காலிக் கட்டங்களில் பூஜ்ஜியத்தை நிரப்பிவிட்டால் 7ஐ 5ஆல் வகுத்து 1.4 என்று சொல்லும். காட்டில் ஒரு தேவாங்கும் குறையவில்லை, காகிதத்தில் மட்டும் குறைந்துவிட்டது. காட்டைக் காப்பாற்றுவது பற்றிய முடிவுகள் இப்படிப்பட்ட எண்களை நம்பித்தான் எடுக்கப்படும் என்பதால், காலிக் கட்டத்தில் பூஜ்ஜியம் நிரப்பும் பழக்கத்தை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன்.

தேவாங்கு எண்ணிக்கை சி நெடுவரிசையில் இருக்கிறது என்றால், மூன்று நிலையையும் பிரித்துக் காட்ட இஃப்புக்குள் இன்னொரு இஃப் வைக்கலாம்:

=இஃப்(சி2="", "போகவில்லை", இஃப்(சி2=0, "காணவில்லை", "கண்டோம்"))

கேள்விகளின் வரிசையை மாற்றிவிடாதீர்கள். சி2=0 என்று முதலில் கேட்டால் காலிக் கட்டமும் ஆம் என்று சொல்லிவிடும். தக்காளி அட்டவணைக்கும் இதே மருந்துதான்: முதல் கேள்வி, கட்டம் காலியா?

இரண்டு நிபந்தனை சேர்ந்து நிறைவேற வேண்டும் என்றால் ஆண்ட். நம் பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்ச்சி விதியே இதற்கு நல்ல உதாரணம். எழுத்துத் தேர்வில் 75க்கு 20, செய்முறையில் 25க்கு 15, இரண்டும் வேண்டும். 19ம் 25ம் வாங்கிய பிள்ளைக்கு மொத்தம் 44 வந்தாலும் தேர்ச்சி இல்லை. மொத்தம் 35 இருக்கிறதா என்று மட்டும் கேட்கிற இஃப் அந்தப் பிள்ளையைத் தேர்ச்சி என்று காட்டிவிடும். இரண்டு நிபந்தனையோடு எண்ணுவதற்கு கவுண்ட்இஃப்ஸ். 2007 எக்செல்லில் வந்தது. வடமதுரைச் சரக்கு, 150க்குக் கீழ் போன நாள் எத்தனை என்றால் அதைத்தான் கூப்பிட வேண்டும்.

ஊர்ப்பெயரில் ஒரு எச்சரிக்கை. அய்யலூர் என்று ஒருவர் அடிப்பார், ஐயலூர் என்று இன்னொருவர் அடிப்பார். கணினிக்கு இரண்டும் வேறு ஊர். பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி தட்டியிருந்தால் அதுவும் வேறு ஊர்தான்.

எந்த எண்ணிக்கையையும் நம்புவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு. 30 நாளுக்கு 30 கட்டம். 150க்குக் கீழ் எத்தனை, 150ம் அதற்கு மேலும் எத்தனை என்று கவுண்ட்இஃப்பிலும், காலி எத்தனை என்று கவுண்ட்பிளாங்க்கிலும் எடுங்கள். 11, 14, 4 என்று வந்தால் மொத்தம் 29. ஒரு நாள் மூன்றிலும் சேரவில்லை. டி நெடுவரிசையை மேலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். எண்கள் எல்லாம் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்க, ஒன்று மட்டும் இடது ஓரத்தில் ஒட்டியிருக்கும். யாரோ ‘120ரூ’ என்று அடித்திருப்பார்கள். ‘ரூ’வை அழித்துவிட்டு எண்டர் தட்டினால் 11 என்பது 12 ஆகும், மொத்தம் 30க்கு வந்துவிடும்.